ஆபரேஷன் முடிஞ்சாச்சு... முட்டி மடங்கலியே!

திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்த உழைப்பாளிகள். சத்தமில்லாமல் திருடு போகும் தொடைச் சதை

ஜேடர்பாளையம்:

காவிரிக் கரையில் இருக்கிற ஊர். நாமக்கல் மாவட்டம், பரமத்தி வேலூர் தாலுகா. படுகை அணை உண்டு. பூங்கா உண்டு. அணைப் பக்கம் மீன் வறுக்கும் வாசனை ரோடு வரைக்கும் வரும். ஆடிப்பெருக்கு என்றால் கூட்டம் தாங்காது.

வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டுப் போவது இதைத்தான். அவர்கள் கண்ணில் படாத காட்சி ஒன்று உண்டு.

வீட்டுத் திண்ணை. அதில் ஓர் ஆள். ஒரு கால் மடங்கியிருக்கிறது. இன்னொரு கால் குச்சி போல நீட்டியிருக்கிறது. பக்கத்தில் கைத்தடி. தலைமாட்டில் எக்ஸ்ரே கவர்.

"கட்டுப் பிரிச்சு மாசம் மூணு ஆச்சுங்க. காலு மடங்க மாட்டேங்குதுங்க..."

இது ஓர் ஆளின் குரல் அல்ல. ஓர் ஊரின் குரலும் அல்ல. சேலம், நாமக்கல் சீமையில் எந்த ஊர்த் திண்ணையில் காது கொடுத்தாலும் இதைக் கேட்கலாம். மொபெட்டில் போய் விழுந்தவர், ஆலைக் கொட்டகையில் வழுக்கியவர், லாரியிலிருந்து இறங்கும்போது கால் பிசகியவர் என்று கதைகள் வேறு வேறு. முடிவு மட்டும் ஒன்று.

எலும்பு கூடிவிட்டது. ஆள் எழுந்திருக்கவில்லை!

குற்றவாளி யார்? டாக்டரா? கட்டா? விதியா?

மூவரும் இல்லை. "அசையாதே" என்ற ஒரு சொல்தான் பல வீடுகளில் காலைக் கெடுக்கிறது.

பூட்டை உடைக்காத திருட்டு

எலும்பு முறிந்தால் அசைக்கக் கூடாது. அது சரி. முறிவு கூடும் வரைக்கும் அந்த இடத்தை அசையாமல் வைக்கத்தான் மாவுக்கட்டு. பெரும்பாலும் ஆறு வாரம், சில முறிவுகளுக்கு அதற்கும் மேல்.

ஆனால், அந்த ஆறு வாரத்தில் உள்ளே ஒரு திருட்டு நடக்கிறது.

வேலை செய்யாத சதை கரையத் தொடங்குகிறது. முதலில் கரைவது தொடையின் முன்பக்கச் சதை. முட்டியை நீட்டுவதும், நிற்கும்போது கால் மடிந்து விழாமல் தாங்குவதும் இந்தச் சதைதான். கட்டைப் பிரித்த அன்று இரண்டு தொடையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். ஒன்று மரக்கட்டை. இன்னொன்று முருங்கைக்காய்.

2007-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். நோய் நொடி இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்தார்கள். பத்தே நாள்! கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ சதை காணாமல் போனது. சும்மா படுத்தவர்களுக்கே இந்தக் கதி. அடிபட்டு, ஆபரேஷன் ஆகி, சரியாகச் சாப்பிடாமல் படுத்திருப்பவருக்கு எவ்வளவு போகும்?

சதை போவதோடு நிற்காது. மூட்டும் இறுகுகிறது.

மூட்டுக்குள் வழவழப்பான நீர் ஒன்று இருக்கிறது. எலும்பு முனையில் பளபளப்பாக ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. இந்தக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது, அழுங்கி விரியும்போது, அந்த நீரிலிருந்துதான் அது சாப்பாடு எடுத்துக்கொள்கிறது. அசைவு நின்றால் அதன் சாப்பாடும் நின்றது. சுற்றியுள்ள சவ்வு சுருங்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

ஜேடர்பாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்க டாக்டர் வேண்டாம். அல்லாள இளைய நாயகர் வெட்டினார் என்று சொல்லும் ராஜ வாய்க்கால் இந்த ஊரில்தான் பிரிகிறது. தண்ணீர் ஓடுகிற வரைக்கும் வாய்க்கால். ஓட்டம் நின்றால் தூர்ந்துபோகும், கோரை முளைக்கும். அப்புறம் மண்வெட்டி எடுத்தால்தான் வழி. மூட்டும் அதே கதைதான்.

தூர் வாருகிற அந்த வேலைக்குத்தான் பிசியோதெரபி என்று பெயர்.

டிகிரி கணக்கு

முட்டி எவ்வளவு மடங்கினால் போதும்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

சமதரையில் நடக்க 60 முதல் 70 டிகிரி மடங்க வேண்டும். படி ஏற 80 முதல் 90 டிகிரி. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ 90-க்கு மேல். சைக்கிள் மிதிக்க 105 முதல் 110 வரை. குத்த வைத்து உட்கார 120-ஐத் தாண்ட வேண்டும்.

அதாவது, 60 டிகிரியோடு நின்றுவிட்டவர் வாசலில் நடப்பார். பஸ் படி ஏற மாட்டார். தடுமாறி ஏறினாலும் சீட்டில் கால் மடக்கி உட்கார மாட்டார். நடைபாதையில் காலை நீட்டுவார். கண்டக்டர் சத்தம் போடுவார். அடுத்த நாள் அவர் பஸ்சுக்கே வர மாட்டார்.

வேலை போவது இப்படித்தான். எலும்பு முறிந்ததால் போவதில்லை. 30 டிகிரி குறைந்ததால் போகிறது!

முட்டி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் கணக்கு உண்டு. இப்போதெல்லாம் ஆபரேஷன் ஆன அன்றோ மறுநாளோ நிற்க வைத்து விடுகிறார்கள். இரண்டு வாரத்துக்குள் 90 டிகிரியை எட்ட வேண்டும் என்பது பல டாக்டர்கள் வைக்கும் குறி. முதல் மூன்று மாதம்தான் பொன்னான காலம். அதைத் தூங்கிக் கழித்துவிட்டால், மறுபடி மயக்க மருந்து கொடுத்துக் காலை மடக்கிவிட வேண்டிய நிலைகூட வரலாம்.

நகையை அடகு வைத்து ஆபரேஷன் செய்கிறார்கள். மாட்டை விற்றுச் செய்கிறார்கள். காசே கேட்காத மிச்சப் பாதியை, தினமும் காலை மடக்கி நீட்டுவதை, விட்டு விடுகிறார்கள்.

ஏன்? வலிக்கிறது. அதுதான் ஒரே காரணம்.

முதல் நாள் மடக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். வீட்டில் பாட்டி ஓடி வருவார். "பாவம், உடுங்கடா அவனை. தானா சரியாப் போயிரும்" என்பார். பாசம்தான். ஆனால் அந்தப் பாசம்தான் பையனைத் திண்ணையில் உட்கார வைக்கிறது.

தொழிலுக்கு ஒரு மூட்டு

அடிபட்டவர்களுக்கு மட்டும்தான் இந்தச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். இந்தச் சீமையில் ஒவ்வொரு தொழிலும் ஒவ்வொரு மூட்டைப் பதம் பார்க்கிறது.

கரும்பு வெட்டுகிறவருக்கு இடுப்பு. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறார். தலையில் கட்டு வேறு.

வெல்ல ஆலையில் கொப்பரைப் பாகைக் கிண்டுகிறவருக்குத் தோளும் மணிக்கட்டும்.

கொடிக்காலில் ஏணி வைத்து வெற்றிலை கிள்ளுகிறவருக்குக் கழுத்து. அண்ணாந்த தலை மத்தியானம் வரை இறங்காது.

நாமக்கல் லாரி டிரைவருக்கு முதுகு. ஆயிரக்கணக்கான மைல் அதிர்வை வாங்குவது அவர் தண்டுவடம்தான்.

பள்ளிபாளையம் தறிக்காரருக்கு நின்று நின்று முட்டி. கடைக்காரருக்குக் குதிகால். ஆபீஸ் கிளார்க்குக்குக் கழுத்தும் தோளும். முன்னே பேரேடு குனிய வைத்தது. இப்போது கம்ப்யூட்டரும் செல்போனும் குனிய வைக்கின்றன.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லை. அடி இல்லை, விழவில்லை. ஆனாலும் தோள் மெல்ல இறுகும். சட்டையில் கை நுழையாது. தலை வார முடியாது. "காத்துப் பிடிச்சிருக்கு" என்று எண்ணெய் தேய்ப்பார்கள். இந்தத் தோள் இறுக்கம் சர்க்கரை உள்ளவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. எண்ணெய் மட்டும் போதாது. மருந்தும், விடாத பயிற்சியும் வேண்டும். மாதக் கணக்கில் பொறுமையும் வேண்டும்.

முட்டித் தேய்மானத்துக்கும் இதுவே. வயதான எல்லோருக்கும் உடனே ஆபரேஷன் என்பது இல்லை. தொடைச் சதையைப் பலப்படுத்துவது, உடல் எடையைக் குறைப்பது, இரண்டும்தான் முதல் மருந்து. சதை பலமாக இருந்தால் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். சதை சோர்ந்தால் பாரம் முழுக்க மூட்டில் இறங்கும்.

அந்த வேலூர் கதை

ஜேடர்பாளையத்தில் நின்று "வேலூர் போறேன்" என்றால் பரமத்தி வேலூர்தான். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் பயிற்சி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாட்டுக்குக் காட்டியது இன்னொரு வேலூர். பாலாற்றங்கரை வேலூர், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர்.

அங்கே பால் பிராண்ட் என்ற எலும்பு டாக்டர் இருந்தார். 1948-ல் தொழுநோயால் விரல் முடங்கிய ஒருவரின் கையில் ஆபரேஷன் செய்தார். வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த தசைநாரை எடுத்து, செத்துப்போன விரலோடு இணைத்தார். அதுவரை யாரும் துணியாத காரியம்.

கத்தியின் வேலை அத்தோடு முடிந்தது. விரல் அசையவில்லை! புது இடத்துக்கு வந்த தசைநாருக்குப் புது வேலை தெரியாது. அதற்கு வாரக் கணக்கில் பாடம் நடத்த வேண்டியிருந்தது. பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து, மடக்கு, நீட்டு என்று பழக்கினார்கள். அப்புறம்தான் அந்தக் கைகள் சோறு அள்ளின, உளி பிடித்தன.

அதே ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர். பெயர் மேரி வர்கீஸ். கொச்சிப் பக்கத்துப் பெண். பிரசவ டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை.

1954 ஜனவரி மாதம். டாக்டர்கள் சேர்ந்து உல்லாசப் பயணம் கிளம்பினார்கள். வழியில் வண்டி கவிழ்ந்து உருண்டது. மேரிக்கு முகத்தில் பலத்த காயம். அதைவிடப் பெரிய அடி முதுகுத் தண்டில். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இனி நடக்கவே முடியாது என்ற நிலை.

28 வயது. வாழ்க்கை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. பயிற்சி தொடங்கியது. முதலில் உட்காரப் பழகினார். சக்கர நாற்காலியில் நகரப் பழகினார். பிராண்ட் அவரை ஆபரேஷன் தியேட்டருக்கு அழைத்தார். தொழுநோயாளிகளின் கைகளுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்தார் மேரி. கால் போன டாக்டர் அடுத்தவர் கையை மீட்டார்!

பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் சிகிச்சையும் பயிற்சியும். அமெரிக்காவில், நியூயார்க்கில், ஹோவர்ட் ரஸ்க் என்ற புகழ்பெற்ற டாக்டரிடம் மறுவாழ்வு மருத்துவப் படிப்பு. திரும்பி வந்து 1963-ல் வேலூரில் அந்தத் துறைக்கே தலைவரானார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், முதுகு முறிந்தவர்கள் தங்கிப் பயிற்சி எடுக்க ஓர் இடம் கிடைத்தது. 1972-ல் பத்மஸ்ரீ விருது. 1986-ல் காலமானார்.

அவருக்கு நடை திரும்பவில்லை. வேலை திரும்பியது.

இந்தியாவில் பிசியோதெரபி படிப்பே அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்தது. 1953-ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் முதல் பள்ளி தொடங்கியது. போலியோவில் கால் சூம்பிய குழந்தைகளுக்காக வந்த படிப்பு அது. இன்று அது பல ஆண்டுப் பட்டப் படிப்பு. இந்தத் துறைகளை ஒழுங்குபடுத்த 2021-ல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டு வந்தது. எனவே, பட்டம் பெற்றவரா என்று கேட்பதில் தப்பில்லை. பிசியோதெரபி என்றால் கரண்ட் வைப்பது, மசாஜ் செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். அவை ஊறுகாய். சோறு பயிற்சிதான்.

உஷார்! உஷார்!

அடிபட்டால் முதலில் நாட்டுக் கட்டுக்கு ஓடுவது இந்தப் பக்கம் பழக்கம். கட்டு இறுகிவிட்டால் ஆபத்து. ரத்த ஓட்டம் தடைபட்டுச் சதை செத்துப்போகும். கை கொக்கி போல வளைந்துவிடும். கையையே எடுக்க வேண்டியும் வரலாம்.

நாட்டுக் கட்டோ, மாவுக்கட்டோ எதுவானாலும் சரி. வலி நேரமாக ஆகக் கூடுகிறதா? விரல் நீலம் பாய்கிறதா? மரத்துப்போகிறதா? விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிறதா? காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அந்த நேரமே ஆஸ்பத்திரி.

ஆபரேஷனுக்குப் பிறகு கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். அதைப் பிசைந்துவிடக் கூடாது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே ஆம்புலன்ஸ். 108.

சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தில் சுடுதண்ணி ஒத்தடம் வைக்கக் கூடாது. உணர்வு குறைந்த காலில் தோல் வெந்தாலும் தெரியாது.

வீடு தேடி வந்த வண்டி

பிசியோதெரபி என்றால் டவுனுக்குப் போக வேண்டும், வாரத்துக்கு மூன்று தடவை போக வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். ஒரு நாள் போனால் இரண்டு பேர் கூலி போச்சு. பாதியில் நிற்க இதுவும் ஒரு காரணம்.

2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தருவதோடு, நடக்க முடியாதவர்களுக்குப் பிசியோதெரபியும் வீட்டிலேயே என்பது அந்தத் திட்டம். ஒன்றியத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்று ஏற்பாடு. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது.

நல்ல ஏற்பாடு. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். ஜேடர்பாளையம் இருப்பது கபிலர்மலை ஒன்றியத்தில். ஒரு ஒன்றியத்தில் எத்தனை கிராமம்? எத்தனை திண்ணை? ஒரே ஆள் எல்லா வீட்டுக்கும் தினம் வர முடியுமா?

முடியாது. அவர் வருகிற நாளில் கற்றுக்கொடுப்பார். வராத நாட்களில் செய்ய வேண்டியது வீட்டில் இருப்பவர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து விவரம் கேட்கலாம். நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்டுவிட வேண்டும். எந்த மூட்டை இன்று முதல் அசைக்கலாம்? காலில் எவ்வளவு பாரம் கொடுக்கலாம்? எப்போது திரும்ப வர வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டக் கூடாது.

திண்ணையிலேயே செய்யலாம்

டாக்டர் சரி என்ற பிறகு செய்ய வேண்டியவை இவை. காசு செலவில்லை.

துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைக்க வேண்டும். முட்டியால் துண்டை அழுத்தி 5 எண்ண வேண்டும். விட வேண்டும். பத்துத் தடவை. தொடைச் சதை திரும்புவது இதில்தான்.

மல்லாந்து படுத்து, காலை நீட்டியபடி ஒரு ஜாண் தூக்கி, 5 எண்ணி, மெதுவாக இறக்க வேண்டும்.

படுக்கையில் இருக்கும்போதே பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். ரத்தம் தேங்காது.

தோள் இறுகியவர்கள் சுவரைப் பார்த்து நின்று, விரலால் சுவரில் ஏற வேண்டும். இன்று எட்டிய இடத்தில் கரிக்கோடு. நாளைக்கு அதற்கு ஒரு விரல்கடை மேலே.

கைத்தடி எந்தக் கையில்? வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில். பலர் தப்பாகப் பிடிக்கிறார்கள்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

பயிற்சி முடிந்ததும் கொஞ்சம் வலி இருக்கும். ராத்திரிக்குள் அடங்கினால் பயமில்லை. மறுநாளும் வலித்து, மூட்டு வீங்கினால் அளவு கூடிவிட்டது. குறைக்க வேண்டும். நிறுத்தக் கூடாது.

முட்டி மாற்றியவர்கள் தரையில் சம்மணம் போடுவதையும் குந்தி உட்காருவதையும் தவிர்க்கச் சொல்வார்கள். ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன்பே, உட்காரும் கக்கூசுக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும். நடுவில் ஓட்டை போட்ட நாற்காலிகூடப் போதும். இதை யோசிக்காமல் ஆபரேஷன் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து முழிக்கிற குடும்பங்கள் நிறைய.

எண்ணுவதற்கு ஒரு ஆள்

எல்லாம் தெரிந்தாலும் தனியாக இருப்பவர் செய்ய மாட்டார். மூன்றாம் நாள் சலிப்பு வரும். நான்காம் நாள் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பார். ஐந்தாம் நாள் நின்றே போகும்.

அதற்கு ஒரு ஆள் வேண்டும். படித்த ஆளாக இருக்க வேண்டியதில்லை. பத்து வரைக்கும் எண்ணத் தெரிந்தால் போதும். பேரப்பிள்ளை போதும்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, தாத்தா காலடியில் உட்கார்ந்து, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று எண்ணட்டும். தாத்தா பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கட்டும். ஏழாவதில் நிறுத்தப் பார்த்தால், "இன்னும் மூணு இருக்குதுங்க தாத்தா" என்று சொல்லட்டும்.

அந்த மூன்றில்தான் பஸ் படி இருக்கிறது.